தரையில் கிடந்த மூக்குக் கண்ணாடியைச் சுற்றி ஏன் அவ்வளவு கூட்டம்?

ஒரு மூக்குக் கண்ணாடி. யாரும் போட்டுக்கொள்கிற சாதாரணக் கண்ணாடிதான். 2016 மே மாதம், சான் ஃபிரான்சிஸ்கோ நவீனக் கலை அருங்காட்சியகத்துக்குப் போன ஒரு பையன் அதைச் சுவரோரமாகத் தரையில் வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன் போலத் தள்ளிப்போய் நின்றுகொண்டான். கொஞ்ச நேரத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது! ஒருவர் குனிந்து உற்றுப் பார்க்கிறார், இன்னொருவர் நல்ல ஆங்கிள் கிடைக்க வேண்டுமென்று தரையோடு தரையாக இறங்கி போட்டோ எடுக்கிறார். இதற்கு முன்னால் ஒரு ஜாக்கெட்டையும் தொப்பியையும் வைத்துப் பார்த்தார்களாம், யாரும் சீண்டவில்லை. கண்ணாடிக்குத்தான் அந்த யோகம்.

[திரையில்: வெள்ளைச் சுவர், தரையில் ஒரு கண்ணாடி]

இந்தச் செய்தி வந்தபோது இணையமே அந்தப் பார்வையாளர்களைக் கலாய்த்தது. நானும் சிரித்தேன். ஆனால் எனக்கு அந்தத் தகுதி கிடையாது மக்களே. ஒருமுறை ஒரு சமகாலக் கலை மியூசியத்தில், மூலையில் சின்னதாக ஒரு வெள்ளைப் பெட்டி, அதில் எண்கள் மெதுவாக மாறிக்கொண்டிருக்கின்றன. ‘காலத்தைப் பற்றிச் சொல்ல வருகிறார்’ என்று கூட வந்த நண்பனுக்கு நான் விளக்கிக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் இருந்த செக்யூரிட்டி ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: “சார், அது ஈரப்பதம் பார்க்கிற மெஷின்.”

சரி, வரலாறு வேண்டும் என்பவர்களுக்கு ஒரே மூச்சில்: 1917இல் மார்செல் துஷாம்ப் என்ற கலைஞர், ஆண்கள் கழிப்பறையில் இருக்கிற சிறுநீர்க் கலம் ஒன்றை வாங்கி, கையெழுத்துப் போட்டு, ‘நீரூற்று’ என்று பெயர் வைத்து நியூயார்க்கில் ஒரு கண்காட்சிக்கு அனுப்பினார், அவர்கள் அதைக் காட்சிக்கு வைக்கவில்லை, அன்றிலிருந்து ‘எது கலை’ என்ற பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருக்கிறது. போதும்.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். பார்வையாளர் குப்பையைக் கலை என்று நினைத்தால் அது ஜோக். அதே மியூசியத்தில் வேலை செய்கிறவர் கலையைக் குப்பை என்று நினைத்தால்?

2011, ஜெர்மனியின் டோர்ட்முண்ட் நகரம். மார்ட்டின் கிப்பன்பெர்கர் செய்த ஒரு படைப்பு. மரச்சட்டங்களால் ஆன உயரமான கோபுரம், அதன் கீழே ஒரு ரப்பர் தொட்டி, தொட்டிக்குள் மழைநீர் காய்ந்துபோன மாதிரி ஒரு கறை. அந்தக் கறை அவர் பெயின்ட்டால் உண்டாக்கியது. படைப்பின் பெயரே ‘கூரை ஒழுகத் தொடங்கும்போது’ என்கிற அர்த்தத்தில்தான் இருக்கும். துப்புரவுப் பணியாளர் ஒருவர் அந்தக் கறையைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட்டார். படைப்பின் மதிப்பு 8 லட்சம் யூரோ! எனக்கு அந்த அம்மா மேல் கோபமே வரவில்லை. கறையைப் பார்த்தார், போக்கினார், வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

அடுத்து 2015, இத்தாலியின் போல்சானோ. காலி ஷாம்பெயின் பாட்டில்கள், வண்ணக் காகிதத் துண்டுகள் எல்லாம் சிதறிக் கிடக்கும் ஓர் அறை, அதுதான் படைப்பு. இரவு விருந்து முடிந்த கோலம். ராத்திரி ஏதோ பார்ட்டி நடந்திருக்கிறது என்று நினைத்து மொத்தத்தையும் பைகளில் அள்ளிவிட்டார்கள். அதிலும் கண்ணாடி தனி, காகிதம் தனி என்று தரம் பிரித்து! அதனால்தான் திரும்பவும் எடுத்து அடுக்க முடிந்தது. குப்பையைப் பிரித்துப் போடுங்கள் என்று சொல்ல இதைவிட நல்ல விளம்பரம் எனக்குத் தெரியாது.

2024, நெதர்லாந்தின் லிஸ்ஸே நகரில் எல்ஏஎம் மியூசியம். லிஃப்ட் பகுதியில் நசுங்கிய இரண்டு பீர் கேன்கள். உண்மையில் அவை அக்ரிலிக் பெயின்ட்டால் அணு அணுவாகக் கையால் வரையப்பட்டவை. யாரோ வேலைக்காரர் குடித்துவிட்டு விட்டுப்போன மாதிரி தெரிய வேண்டும் என்றே அங்கே வைத்திருந்தார்கள். லிஃப்ட் பார்க்க வந்த மெக்கானிக் எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டார். கலைஞர் நினைத்ததைவிட நன்றாகவே ஏமாற்றிவிட்டார், இதைப் பாராட்டு என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். குப்பைப் பையிலிருந்து மீட்டு, துடைத்து, இந்தமுறை ஒழுங்காக ஒரு பீடத்தின் மேல் வைத்தார்கள்.

கவனித்தீர்களா? பீடத்தில் ஏறியதும் அது கலை என்று எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. வெள்ளைச் சுவர், மேலிருந்து ஒரு விளக்கு, சுற்றிலும் வெற்றிடம், பக்கத்தில் ஒரு சின்ன லேபிள். இவையெல்லாம் சேர்ந்து ‘உற்றுப் பார்’ என்று நமக்கு உத்தரவு போடுகின்றன. அந்தக் கண்ணாடியைப் பார்த்தவர்கள் முட்டாள்கள் இல்லை, உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தவர்கள், அவ்வளவுதான். என் ஈரப்பத மெஷினுக்கும் இதே சமாதானத்தைத்தான் சொல்லிக்கொள்கிறேன்.

உற்றுப் பார்க்காமல் போனாலும் வம்புதான். 2018இல் போர்ச்சுகலின் போர்ட்டோவில் அனீஷ் கபூரின் ஒரு படைப்பு, தரையில் கன்னங்கரேலென்று ஒரு வட்டம். பெயின்ட் அடித்த வட்டம் போலவே தெரியும், உண்மையில் 2.5 மீட்டர் ஆழக் குழி. எச்சரிக்கைப் பலகை இருந்தும் ஒருவர் உள்ளே விழுந்துவிட்டார். நல்லவேளை, பெரிய காயம் இல்லை.

இன்னொரு கணக்கும் சொல்லிவிடுகிறேன். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் மக்கள் ஒரு படைப்பின் முன் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று அளந்து 2001இல் ஆய்வு வெளியானது. சராசரி 27 வினாடி. அதுவும் சிலர் ரொம்ப நேரம் நிற்பதால் ஏறிய சராசரி, பாதிப் பேர் 17 வினாடிக்குள் நகர்ந்துவிட்டார்கள். இந்த வீடியோவை இவ்வளவு நேரம் பார்த்த உங்களுக்கு என் நன்றி, அப்படியே அந்த லைக்கையும் தட்டிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. ஃபெலிக்ஸ் கொன்சாலெஸ் டோரஸ் 1991இல் செய்த படைப்பு, மூலையில் குவித்த மிட்டாய்கள், பளபளக்கும் கலர் கலர் தாள் சுற்றியவை. எடை 175 பவுண்டு, கிட்டத்தட்ட 79 கிலோ. அவருடைய துணைவர் ராஸ் எய்ட்ஸ் நோயால் அந்த வருடம்தான் இறந்தார், இது அவருடைய உருவப்படம். வருகிறவர்கள் ஆளுக்கொரு மிட்டாய் எடுத்துக்கொள்ளலாம். எடுக்க எடுக்கக் குவியல் கரையும், ஒரு உடம்பு கரைகிற மாதிரி. மறுபடியும் நிரப்புவார்கள். ‘தொடாதே’ என்று நாள் முழுக்கக் கேட்டுவிட்டு வந்த கை, அங்கே கொஞ்சம் தயங்கித்தான் நீளும்.

நீங்களாக இருந்தால் அந்த மிட்டாயைச் சாப்பிடுவீர்களா, பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோவீர்களா? கமெண்ட்டில் சொல்லுங்கள். சாப்பிடுகிறவர்கள் தாளை மட்டும் கீழே போட்டுவிடாதீர்கள், கூட்டம் சேர்ந்துவிடும்.