ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எடுத்துப்போன காலம்

நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பழைய பர்சனல் கம்ப்யூட்டர்களில் ஹார்ட் டிஸ்க்கையே ஃபிளாப்பி மாதிரி வெளியே எடுக்கலாம் என்று படித்தேன். உண்மையா? உண்மையென்றால் ஏன் நிலைக்கவில்லை?"

உண்மைதான். ஏன் நிலைக்கவில்லை என்பதற்குக் கடைசியில் வருகிறேன். அது எப்படி ஓடியது என்று கேட்டிருந்தால் எனக்கு இன்னும் சந்தோஷம். நியாயமாகப் பார்த்தால் அது ஓடியிருக்கவே கூடாது.

சிக்கல் தூசிதான். தகவலைப் படித்து எழுதும் முனைக்கு ஹெட் என்று பெயர். தூசி குறுக்கே வந்தால் அது தட்டில் மோதிவிடும், அதுதான் ஹெட் கிராஷ். 80-களின் ஹார்ட் டிஸ்க்கில் சுழலும் தட்டுக்கும் அதன்மேல் மிதக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருந்த இடைவெளி ஒரு மைக்ரானுக்கும் குறைவு. தலைமுடியின் கனமே 50 மைக்ரானுக்கு மேல். அதனால்தான் பெட்டியை மூடி சீல் வைத்தார்கள். அப்படிப்பட்ட தட்டை வெளியே எடுத்து, பையில் போட்டு, வேறொரு டிரைவில் செருகுவதென்றால்?

இதில் வேடிக்கை என்னவென்றால், கழற்றும் வசதி முதலில் வந்தது, சீல் வைப்பது பிறகு வந்தது. 1962-லேயே ஐபிஎம் 1311 டிரைவில் ஆறு தட்டுகள் அடுக்கிய பேக்கை அப்படியே தூக்கி எடுத்தார்கள். சுமார் நாலரை கிலோ எடை, 20 லட்சம் எழுத்துகள் கொள்ளும். அப்போது ஹெட் இன்னும் உயரத்தில் மிதந்தது, தூசியை ஓரளவு பொறுத்துக்கொண்டது. கொள்ளளவு கூட வேண்டுமென்றால் ஹெட் கீழே இறங்க வேண்டும். இறங்க இறங்க தூசி எமனாகிவிட்டது. 1973-இல் ஐபிஎம் 3340 வந்தபோது தட்டு, ஹெட் எல்லாவற்றையும் ஒரே சீல் வைத்த பேக்குக்குள் அடைத்து, அந்தப் பேக்கை மட்டும் கழற்றும்படி வைத்தார்கள். வின்செஸ்டர் என்று சொல்கிறோமே, அது இதுதான். பர்சனல் கம்ப்யூட்டருக்கு அந்த நுட்பம் வந்து சேர்ந்தபோது கழற்றும் வசதி போய்விட்டது. 1983-இல் வந்த ஐபிஎம் எக்ஸ்டியின் 10 எம்பி டிரைவ் உள்ளேயே திருகி வைக்கப்பட்டது.

அப்புறம் கழற்றும் வசதியைத் திரும்பக் கொண்டுவர இரண்டு கம்பெனிகள் இரண்டு வழியில் போயின. அயோமேகாவின் பெர்னூலி பாக்ஸ் எனக்கு ரொம்பப் பிடித்தது. அதில் தட்டு வளையும். இரண்டு தாள்களை அருகருகே பிடித்து நடுவில் ஊதிப் பாருங்கள், விலகாமல் ஒட்டிக்கொள்ளும். அதுபோல வேகமாகச் சுழலும் தட்டைக் காற்றோட்டமே ஹெட் பக்கம் இழுத்து வைக்கும். தூசி நுழைந்தாலோ கரண்ட் போனாலோ தட்டு ஹெட்டை விட்டு விலகித் தொங்கிவிடும். மோதலே இல்லை! ஆனால் கறாராகச் சொன்னால் அது ஹார்ட் டிஸ்க் இல்லை, வளையும் டிஸ்க். அதே கம்பெனி பின்னால் கொண்டுவந்த 100 எம்பி ஜிப் டிரைவும் வளையும் ஜாதிதான். அதன் இன்னொரு டிரைவான ஜாஸில்தான் கெட்டித் தட்டு.

இன்னொரு கம்பெனியான சைக்வெஸ்ட் கெட்டித் தட்டையே பிளாஸ்டிக் உறையில் போட்டு விற்றது. அதன் 44 எம்பி கார்ட்ரிட்ஜ், ஆப்பிளின் மேக் கம்ப்யூட்டரில் பக்கம் வடிவமைத்தவர்களிடம் ஏறக்குறைய பொது நாணயம் மாதிரி புழங்கியது. முப்பது ஃபிளாப்பி கொள்ளும் வேலையை ஒரே கார்ட்ரிட்ஜில் அச்சகத்துக்கு அனுப்பலாம். செருகி நெம்புகோலைத் தள்ளினால் தட்டு சுழலும், ஆனால் ஹெட் உடனே இறங்காது. வடிகட்டிய காற்று முதலில் உள்ளே இருக்கும் தூசியை அடித்துக்கொண்டு போக வேண்டும். எடுக்கும்போதும் பட்டனை அழுத்தி, சுழற்சி நிற்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். பார்த்தீர்களா, மறுபடியும் தூசி! இன்னொரு சிக்கல், ஒரு டிரைவ் எழுதியதை இன்னொரு டிரைவின் ஹெட் சரியான தடத்தில் தேடிப் பிடிக்க வேண்டும். அதற்கான குறிகளைத் தட்டிலேயே பதித்து வைத்தார்கள்.

சரி, ஏன் நிலைக்கவில்லை? கம்ப்யூட்டருக்குள் இருந்த ஹார்ட் டிஸ்க்கின் கொள்ளளவு வளர்ந்த வேகத்துக்கு கார்ட்ரிட்ஜ் ஈடுகொடுக்கவில்லை. எழுதக்கூடிய சிடி அடிமாட்டு விலைக்கு இறங்கியது. 1998 நவம்பரில் சைக்வெஸ்ட் திவாலானது. 2004-இல் அயோமேகா 'ரெவ்' என்று 35 ஜிபி கார்ட்ரிட்ஜ் கொண்டுவந்தது. அதில் தட்டோடு மோட்டாரும் கார்ட்ரிட்ஜுக்குள் போனது, ஹெட் மட்டும் டிரைவில் நின்றது. இன்னொரு பக்கம் முழு ஹார்ட் டிஸ்க்கையும் உறையில் போட்டுச் செருகும் முறையும் வந்தது. அந்த முறையில் ஹெட்டும் தட்டும் பிரிவதே இல்லை, அதனால் தூசிக்கு வழியும் இல்லை.

யாரிடமாவது பழைய கார்ட்ரிட்ஜ் இருந்தால் ஒரு விஷயம். ஒன்றைச் செருகி விசித்திரமான சத்தம் வந்தால், "டிரைவ் நன்றாக இருக்கிறதா பார்ப்போம்" என்று நல்ல கார்ட்ரிட்ஜை அதில் செருகாதீர்கள். கெட்ட தட்டு ஹெட்டைக் கெடுத்திருக்கும், அந்த ஹெட் நல்ல தட்டையும் கீறிவிடும்.