ஊர்க்கதையை ஊரே எழுதணும்

நடுவர் ஐயாவுக்கும் எதிரணிக்கும் மலேசியாவுல நம்ம சுங்கை சிப்புட் சனங்க எல்லாருக்கும் வணக்கம். ஒரு நாட்டோட அன்றாட வாழ்க்கையைச் சரியாச் சொல்றது படிச்ச ஆய்வாளர்களா, கூடி எழுதுற சாதாரண மக்களா, இதுதான் தலைப்பு. நான் மக்கள்தான்னு பேச வந்திருக்கேன். இந்தப் பக்கம் உக்கார வெச்சதால பேசல, மனசார நம்பித்தான் பேசுறேன்.

எதிரணித் தம்பி சொன்னாரு, பயிற்சி இல்லாதவங்க எழுதினா ஞாபகம் பிசகும், பொய் கலந்துடும்னு. சரி தம்பி, நம்ம ஊரையே எடுத்துக்குவோம். 1948 ஜூன் 16, இங்க பக்கத்து ரப்பர் தோட்டங்கள்ல மூணு வெள்ளைக்காரத் தொரைங்களைக் கம்யூனிஸ்டுங்க சுட்டுக் கொன்னாங்க, வெள்ளைக்கார அரசாங்கம் போட்ட அவசரகாலம் வந்துச்சு, 1960 வரைக்கும் போச்சு. அந்த மூணு பேரோட பேரும் புத்தகத்துல இருக்கு, இருக்கட்டும், அவங்களும் உயிர்தானே. ஆனா மறுநாள் இருட்டோட பெரட்டுக்கு, அதான் வேலைக்குப் பேர் குடுக்கிற இடத்துக்கு, வந்து நின்ன நம்ம ஆளுங்க என்ன பேசிக்கிட்டாங்க, யாரு வீட்டுல அடுப்பு எரியல, அது எந்தப் பக்கத்துல இருக்கு தம்பி?

எங்க லயத்துல, அதான் தோட்டத்து வரிசை வீட்டுல, ஒரு பாட்டி இருந்தாங்க. காட்டுல இருக்கிற கம்யூனிஸ்டுக்கு அரிசி போகக் கூடாதுன்னு அப்ப கட்டுப்பாடு, அறிக்கையில அதை ஒரு வரியில எழுதிட்டுப் போயிடுவாங்க. பாட்டி சொன்னது வேற. பால்மரம் குளிர்ல வெட்டினாத்தான் நல்லாப் பால் இறங்கும், அதனால விடியறதுக்கு முன்னாடியே போயாகணும், கேட்டுல காவக்காரன் நிக்க வெச்சு முந்தானையை உதறிக் காட்டச் சொல்வான், வாளியைக் கவுத்துப் பாப்பான், சோத்துப் பொட்டலம் இருந்தா பிடுங்கிக்குவான், பசியாறாம நிரை முழுக்க வெட்டி, திரும்ப வந்து மங்கு மங்கா பால் எடுத்து, ஸ்டோர்ல நிறுத்துக் குடுத்துட்டு புள்ளைங்களைப் பாத்துக்கிற ஆயாக் கொட்டகைக்கு ஓடினா, கைப்புள்ள அழுவுது, மாருல பால் இல்ல. இதை எந்த ஆபீசர் எழுதுவான் ஐயா?

இதைக் கேட்டுக்கிட்டு இருந்த இன்னொரு பாட்டி, இல்லடி, எங்க தோட்டத்துல சோறு விட்டாங்களே, ஆனா அளந்துதான் விட்டாங்கன்னு சொன்னாங்க. ரெண்டு பேருல யாரு பொய்? யாருமே இல்ல. தோட்டத்துக்குத் தோட்டம் கெடுபிடி மாறியிருக்கு. ஒருத்தர் எழுதினா தப்பு தங்கிடும், பத்து பேரு சேர்ந்து எழுதினா அங்கயே மாட்டிக்கும். தம்பி கேட்ட சரிபார்ப்பு இதுதான்.

அடுத்து சயாம், அதான் இன்னிக்குத் தாய்லாந்து. 1942, 43-ல ஜப்பான்காரன் போட்ட பர்மா ரயில் பாதை, 415 கிலோமீட்டர். காஞ்சனபுரி கல்லறையில போயி பாருங்க, செத்துப்போன வெள்ளைக்காரக் கைதிங்களுக்குத் தனித்தனிக் கல்லு, பேரு, படைப்பிரிவு. அவங்களுக்குப் பட்டாளத்துப் பதிவு இருந்துச்சு. தோட்டத்துலேர்ந்து லோரி லோரியா ஏத்திக்கிட்டுப் போன நம்மாளுங்களுக்கு அப்படி எழுதி வைக்க ஆளில்ல, எத்தனை பேரு செத்தாங்கன்னு ஆய்வாளர்கள் இன்னிக்கும் ஆளுக்கு ஒரு கணக்கு சொல்றாங்க. அவங்க திறமையை நான் குறை சொல்லல, எழுதி வெச்சிருந்தாத்தானே அவங்களும் படிக்க முடியும்!

எதிரணி அக்கா, ஊராங்க வீட்டுச் சமையலும் கடனும் யாருக்கு வேணும்னு கேட்டாங்க. அக்கா, 1937-ல இங்கிலாந்துல மாஸ் அப்சர்வேஷன்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. மே 12, ஆறாம் ஜார்ஜுக்கு முடிசூட்டு, அன்னிக்கு நீங்க என்னென்ன செஞ்சீங்கன்னு சாதாரண சனங்களை எழுதச் சொன்னாங்க. அப்புறம் யுத்த காலத்துல குடும்பப் பொம்பளைங்க எழுதின டைரிங்களும் சேந்துச்சு. அதையெல்லாம் இன்னிக்கு சசெக்ஸ் பல்கலைக்கழகம் பத்திரமா வெச்சிருக்கு, நீங்க சொல்ற அதே ஆய்வாளர்கள்தான் அங்க போயி அதைப் படிக்கிறாங்க.

நம்ம பக்கம் கித்தா, அதான் ரப்பர், போயி செம்பனை வந்தாச்சு, எத்தனையோ லயத்தை இடிச்சாச்சு, வெட்டினவங்க கையும் நடுங்க ஆரம்பிச்சிடுச்சு. இன்னும் எவ்வளவு நாள் காத்திருக்கிறது?

மணி அடிச்சிட்டீங்க ஐயா, முடிச்சிடுறேன். இந்தக் கொட்டகையில சயாமுக்குப் போனவங்களோட பேரப்புள்ளைங்க இருக்கீங்க. திரும்பி வராத அந்தத் தாத்தா பேரு என்ன, எந்தத் தோட்டம், யாரு கூட லோரி ஏறினாரு, இன்னிக்கே வீட்டுல கேட்டு எழுதுங்க, பக்கத்து வீட்டுல காட்டி அவங்களுக்குத் தெரிஞ்சதையும் எழுதி வாங்குங்க. தீர்ப்பை நீங்க சொல்லுங்க நடுவர் ஐயா. நன்றி, வணக்கம்.