அவர் சொன்னதைத்தான் மறுக்கிறீர்களா?

[திரை: கறுப்புப் பின்னணி. ஒரே ஒரு வாக்கியம் மெல்லத் தோன்றுகிறது.]

குரல்: கண் போன்ற ஓர் உறுப்பு இயற்கைத் தேர்வால் உருவாகியிருக்கும் என்று நினைப்பது அபத்தத்தின் உச்சமாகத் தோன்றுகிறது, வெளிப்படையாகவே ஒப்புக்கொள்கிறேன்.

இதை எழுதியவர் சார்லஸ் டார்வின். 1859-இல் வெளிவந்த 'உயிரினங்களின் தோற்றம்' நூலில், ஆறாம் அத்தியாயத்தில் இருக்கிறது. பரிணாமக் கொள்கையை மறுப்பவர்கள் வெகுகாலமாக இந்த வாக்கியத்தைத் தூக்கிக் காட்டுகிறார்கள். பாருங்கள், அவருக்கே அதில் நம்பிக்கை இல்லை!

[திரை: வாக்கியம் மேலே நகர்கிறது. கீழே அதே பத்தியின் மீதி விரிகிறது.]

குரல்: சரி, அடுத்து என்ன எழுதினார் என்று பார்ப்போம். மிக எளிய கண்ணிலிருந்து மிக நுட்பமான கண் வரை படிப்படியான நிலைகள் உண்டு என்று காட்ட முடிந்தால், ஒவ்வொரு நிலையும் அந்த உயிருக்குப் பயன்பட்டிருந்தால், கற்பனைக்கு எட்டாததுபோல் தெரியும் இந்தச் சிக்கல் உண்மையில் சிக்கலே அல்ல என்கிறார். அப்புறம் அந்த நிலைகளை எடுத்துக்காட்டுகளோடு விளக்கப் போகிறார்.

எதிராளி கேட்கக்கூடிய கடினமான கேள்வியைத் தானே கேட்டுவிட்டுப் பதில் சொல்லியிருக்கிறார். வெட்டி எடுத்தவர்கள் கேள்வியை எடுத்துக்கொண்டு பதிலை விட்டுவிட்டார்கள். நேர்மையாக எழுதுபவர்தான் இந்த வெட்டில் அதிகம் மாட்டுகிறார். தன் கருத்தின் பலவீனத்தைப் பற்றி வாயே திறக்காதவரிடம் வெட்டி எடுக்க எதுவும் கிடைக்காது.

(நானும் அந்த வாக்கியத்தைச் சுருக்கித்தான் சொன்னேன். கண்ணின் நுட்பங்களை அடுக்கும் ஒரு நீண்ட அடைமொழியை விட்டுவிட்டேன். அதை விட்டதால் பொருள் மாறவில்லை. எதை விட்டோம் என்பதைச் சொல்லிவிடுவது நல்லது.)

[திரை: இரண்டு பெட்டிகள். இடப்பக்கம் 'சொன்னது', வலப்பக்கம் 'சொன்னதாகச் சொன்னது'.]

குரல்: இணையத்தில் இன்னும் அதிகம் நடப்பது வேறொன்று. அங்கே மேற்கோளே இருக்காது, சுருக்கம் மட்டும்தான் இருக்கும். ஒருவர் எழுதுகிறார்: ஐந்து வயதுக்குள் எழுத்துப் பயிற்சியைக் குறைத்து, விளையாட்டு நேரத்தைக் கூட்டிப் பார்க்கலாம். அடுத்தவர் பகிர்கிறார்: குழந்தைகள் படிக்கவே வேண்டாமாம்!

ஐந்து வயது என்ற வரம்பு போய்விட்டது. குறைப்பது ஒழிப்பதாக மாறிவிட்டது. பார்க்கலாம் என்ற தயக்கமும் காணவில்லை. ஒரு கருத்தின் நேர்மை பெரும்பாலும் இந்த மாதிரிச் சின்னச் சின்ன வரம்புகளில்தான் இருக்கிறது: சில சமயம், பெரும்பாலும், இந்த வயதில், இப்போதைக்கு. சுருக்கும்போது முதலில் உதிர்வதும் இவைதான். பற்றாததற்கு அந்த 'ஆம்' விகுதி வேறு. தமிழில் ஒருவரைக் கேலிக்குள்ளாக்க அதுவே போதும். 'சொல்கிறார்' என்று தொடங்கி, கோபம் ஏறியதும் 'சொல்கிறான்' என்று இறங்குவதையும் பார்த்திருப்பீர்கள். வாதம் எதுவும் வைக்காமலே வாசகரை ஒரு பக்கம் சாய்த்துவிடும் வழிகள் இவை.

[திரை: ஓலைச்சுவடி ஒன்றின் படம்.]

குரல்: எதிர்க் கருத்தை எப்படிக் கையாள்வது என்பது புதிய கேள்வி இல்லை. பவணந்தி முனிவரின் நன்னூல், நூலாசிரியர்கள் கொள்ளும் எழுவகை மதங்களைச் சொல்கிறது. மதம் என்றால் இங்கே கொள்கை நிலை. அவற்றில் ஒன்று 'பிறர்தம் மதமேற் கொண்டு களைவே'. பிறர் கருத்தை முதலில் ஏற்று நிறுத்திக்கொண்டு, பிறகு அதை நீக்குவது. வெறுமனே மறுப்பதைத் தனி வகையாகவும், பிறர் நூலில் குற்றம் காட்டுவதை இன்னொரு வகையாகவும் அதே பட்டியல் வைத்திருக்கிறது. இணையத்தில் நாம் குற்றம் காட்டும் வகையை மட்டும் வைத்துக்கொண்டு வண்டி ஓட்டுகிறோம்.

ஆனால் ஏற்று நிறுத்த வேண்டுமென்றால் அந்தக் கருத்து எங்கிருந்து கிடைக்கும்? ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் இதற்குக் கறாராகப் பதில் சொன்னார். எதிராளியின் வாதங்களை உங்கள் ஆசிரியரே எடுத்துச் சொல்லி, கையோடு மறுப்பையும் கொடுத்தால் அது போதாது. அவற்றை உண்மையாக நம்புகிறவர்களிடமே கேட்க வேண்டும். இது அவரது 'சுதந்திரம்' நூலில் வருகிறது. அதுவும் 1859-தான், தற்செயல்.

நடைமுறையில் இதற்கு என்ன பொருள்? ஒருவரைத் தாக்கும் வீடியோவைப் பார்த்துவிட்டு அவரைப் பற்றி எழுதக் கூடாது. அவருடைய மூலத்தைத் தேடுங்கள். மேற்கோளுக்கு முந்தைய பத்தியையும் பிந்தைய பத்தியையுமாவது படியுங்கள். பேச்சு என்றால் துண்டுக் காட்சியை விட்டுவிட்டு முழுப் பேச்சுக்குப் போங்கள். பிறகு மூலத்தின் இணைப்பைக் கொடுங்கள்.

[திரை: நான்கு படிகள். முதல் படி மட்டும் ஒளிர்கிறது.]

குரல்: தத்துவவாதி டேனியல் டென்னெட் 2013-இல், அனடோல் ராபபோர்ட் என்ற அறிஞரைப் பின்பற்றி, விமர்சனத்துக்கு நான்கு படிகளைச் சொன்னார். எதிராளியே 'அட, நான் இப்படிச் சொல்லியிருக்கலாமே' என்று நினைக்கும் அளவுக்கு அவர் கருத்தைத் தெளிவாகச் சொல்வது முதல் படி. ஒத்துப்போகும் இடங்களைச் சொல்வது, அவரிடம் கற்றதைச் சொல்வது அடுத்த இரண்டு. அதற்கப்புறம்தான் மறுப்பு.

நடுவில் உள்ள இரண்டு படிகளை நான் அவ்வளவு வலியுறுத்த மாட்டேன். அவை சீக்கிரமே சடங்காகிவிடுகின்றன. 'நண்பர் நல்ல உழைப்பாளி, ஆனால்' என்று தொடங்கும் எழுத்தில் அந்த 'ஆனால்' வரும் வரை யாரும் படிப்பதில்லை. முதல் படியை மட்டும் விட முடியாது. அது ஒழுங்காக நடந்திருந்தால் மறுப்பு எவ்வளவு காரமாக இருந்தாலும் பரவாயில்லை.

இதிலேயே எதிர்ப்பக்கமாகச் சறுக்குகிறவர்களும் உண்டு. அவர் சொல்லாத நல்ல வாதம் ஒன்றை நாமே செய்து அவர் வாயில் வைப்பது. கொடூரமாக ஒன்றைச் சொன்னவரின் சொல்லைப் பூசி மெழுகி, 'உண்மையில் அவர் சொல்ல வந்தது என்னவென்றால்' என்று விளக்குவது. இதுவும் அவர் சொன்னதை மாற்றுவதுதான். அவர் கருத்தைவிட வலுவான ஒரு வடிவம் உங்களுக்குத் தோன்றினால், அதை உங்கள் பெயரிலேயே வைத்து அதற்கும் பதில் சொல்லுங்கள்.

[திரை: ஒரு கூட்டம். கேமரா பின்வரிசையில் கத்தும் ஒருவரிடம் மட்டும் போகிறது.]

குரல்: ஒரு தரப்பில் ஆயிரம் பேர் இருந்தால் அதில் உளறுபவர் ஒருவர் கட்டாயம் இருப்பார். அவரைப் பிடித்து வந்து 'இவர்கள் இப்படித்தான்' என்று எழுதுவது சுலபம். மேற்கோள் சரியாகவே இருக்கும், மனிதரும் உண்மையானவர்தான். ஆனால் அந்தத் தரப்பின் வலுவான வாதம் தொடப்படவே இல்லை.

தேதியும் முக்கியம். தத்துவவாதி விட்கென்ஸ்டைன் 1921-இல் வெளியிட்ட தன் முதல் நூலில் பெரும் தவறுகள் இருப்பதைப் பின்னர் உணர்ந்ததாக, மறைவுக்குப் பின் 1953-இல் வந்த நூலின் முன்னுரையில் எழுதியிருக்கிறார். விட்கென்ஸ்டைன் சொல்கிறார் என்று மொட்டையாக எழுதினால், எந்த விட்கென்ஸ்டைன்? பத்து வருடத்துக்கு முன் எழுதியதை நேற்று சொன்னதுபோல் பகிரும்போதும் இதே கோளாறு. மாற்றிக்கொண்டவரை 'முன்னே அப்படிச் சொன்னாயே' என்று பிடிப்பதும் பதிலாகாது. ஏன் மாறினார் என்பதைப் படித்தால்தான் மறுக்கவோ ஏற்கவோ முடியும்.

உள்நோக்கம் பற்றி ஒரு வார்த்தை. ஒரு கருத்தால் அவருக்குப் பணம் கிடைக்கிறது என்று உங்களிடம் ஆதாரம் இருந்தால், வாசகருக்குச் சொல்லத்தான் வேண்டும். அதைச் சொன்னதால் கருத்துக்குப் பதில் சொன்னதாகிவிடாது.

[திரை: தொலைபேசித் திரைப்பிடி. அதில் உள்ள பெயரும் முகமும் மங்குகின்றன.]

குரல்: எழுதப்படுபவர் யார் என்பதையும் பாருங்கள். அமைச்சரோ, நூலாசிரியரோ என்றால் பெயர் சொல்லித்தான் எழுத வேண்டும். நாற்பது பேர் மட்டுமே பின்தொடரும் ஒருவர் எப்போதோ போகிறபோக்கில் எழுதிய வரி என்றால்? லட்சம் பேர் முன்னால் அதை வைத்தால் அவருக்குப் பதில் சொல்லும் வாய்ப்பு நடைமுறையில் இல்லை. அங்கே கருத்தை எடுத்துக்கொண்டு பெயரை விட்டுவிடலாம். இங்கே இணைப்பும் வேண்டாம். மூலத்தைக் காட்ட வேண்டும் என்று முன்பு சொன்னதற்கு இது விதிவிலக்குதான்.

[திரை: சிதைந்த ஓலைகள், கிரேக்கக் கையெழுத்துப் பிரதி ஒன்று.]

குரல்: இவ்வளவு மெனக்கெட வேண்டுமா, மூலத்தை யார் போய்ப் படிக்கப் போகிறார்கள் என்று கேட்கலாம். யாரும் போய்ப் படிக்க மாட்டார்கள் என்பதால்தான் மெனக்கெட வேண்டியிருக்கிறது. பண்டைய இந்தியாவின் ஒரு சமயப் பிரிவினரான ஆசீவகர்கள் எழுதிய நூல் ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை. அவர்களைப் பற்றி நாம் அறிவதில் பெரும்பகுதி பௌத்த, சமண நூல்களிலிருந்தும், மணிமேகலை, நீலகேசி, சிவஞான சித்தியார் போன்றவற்றிலிருந்தும் வருகிறது. எல்லாம் அவர்களை ஏற்காதவர்கள் எழுதியவை. எது அவர்கள் சொன்னது, எது எதிராளி திரித்தது என்று ஆய்வாளர்கள் இன்னும் சலித்துக்கொண்டிருக்கிறார்கள்.

கிறித்தவத்தைக் கடுமையாகத் தாக்கி செல்சஸ் என்பவர் இரண்டாம் நூற்றாண்டில் எழுதிய நூலும் அழிந்துவிட்டது. ஆனால் மூன்றாம் நூற்றாண்டில் அதை மறுத்து எட்டுப் பகுதிகள் எழுதிய கிறித்தவ அறிஞர் ஒரிஜென், செல்சஸின் வாசகங்களையே விரிவாக எடுத்துப் போட்டு ஒவ்வொன்றாகப் பதில் சொன்னார். அதனால் அழிந்த நூலின் பெரும்பகுதியை இன்று மீட்டெடுக்க முடிகிறது. ஒரிஜென் தன் நிலையை விட்டுக்கொடுக்கவில்லை. எதிராளியின் சொல்லையும் விட்டுவிடவில்லை.

[திரை: ஒரு கட்டுரையின் மேற்பகுதி. 'திருத்தம்' என்ற பட்டை, தேதியுடன்.]

குரல்: இத்தனைக்கும் பிறகு அவரே வந்து 'நான் அப்படிச் சொல்லவில்லை' என்று சொன்னால்? மூலத்தை மறுபடி படியுங்கள். அவர் சொல்வது சரி என்றால், வரியைச் சத்தமில்லாமல் மாற்றாதீர்கள். திருத்தத்தைத் தேதியோடு மேலேயே போடுங்கள், முன்பு என்ன எழுதியிருந்தது என்பதும் தெரியட்டும். தவறான வரியைத் தனியாக எங்கெல்லாம் பகிர்ந்தீர்களோ, அங்கெல்லாம் திருத்தத்தையும் பகிருங்கள். அவர் சொல்வது சரியில்லை என்று தோன்றினால், அவருடைய மறுப்பை அவர் சொற்களிலேயே சேர்த்து, அதன் கீழே உங்கள் பதிலை எழுதுங்கள்.