பாதையா, பந்தியா? பந்திதான்!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கத்தைத் துறந்து வந்திருக்கும் சேலத்துப் பெருமக்களே, எல்லோருக்கும் வணக்கமுங்க.

கூட்டமாக பைக்கில் கிளம்பி, ஒரு சின்ன ஊரில் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டுத் திரும்புகிறோமே, அதில் இன்பம் மிகுதியாக இருப்பது பாதையிலா, பந்தியிலா? இதுதான் தலைப்பு. பந்தியில்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன். எதிரணியில் மூன்று பேர் பேசிவிட்டார்கள். முதலாமவர் நம்மை ஏற்காட்டுக்குக் கூட்டிப் போனார். இரண்டாமவர் நட்பு, தோழமை என்று உருகினார். மூன்றாமவர் தம்பி கொஞ்சம் குறும்புக்காரர், "சாப்பாடுதான் முக்கியம் என்றால் போனை எடுத்து ஆர்டர் போட்டால் வீட்டு வாசலுக்கே வருமே, அதற்கு எதற்கு ஐம்பது கிலோமீட்டர்?" என்று கேட்டுக் கைதட்டு வாங்கிவிட்டார். கைதட்டியவர்களில் பாதிப் பேர் இன்று மத்தியானம் அப்படித்தான் சாப்பிட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

நான் ஓட்டுவது 110 சிசி ஸ்கூட்டர். எங்கள் குழுவில் 650 சிசி வைத்திருக்கும் தம்பியும் உண்டு, ரொம்ப வருஷத்து ஸ்பிளெண்டரை விடாமல் ஓட்டும் அண்ணனும் உண்டு. அதனால் பாதையின் பெருமையை எதிரணியினர் பேசும்போது, இது யாருடைய பாதை என்றுதான் எனக்கு முதலில் கேட்கத் தோன்றியது.

முதலாமவர் சொன்ன ஏற்காட்டையே எடுத்துக்கொள்வோம். அடிவாரத்தில் தொடங்கி 20 கொண்டை ஊசி வளைவுகள், மேலே போகப் போகக் குளிர், காப்பிப் பூ வாசம் என்று அழகாகத்தான் சொன்னார். ஐயா, கொண்டை ஊசி வளைவில் வண்டி ஓட்டுகிறவரின் கண் எங்கே இருக்கும்? எதிரே இறங்கும் பஸ் வளைவு முழுவதையும் எடுத்துக்கொண்டு வரும். மலையேறுகிற வண்டிக்குத்தான் வழிவிட வேண்டும் என்பது விதி. ஆனால் அந்த விதியைப் பஸ்ஸின் முன்சக்கரத்துக்கு யார் எடுத்துச் சொல்வது? இறங்கும்போது இன்னும் மோசம். கியரைக் குறைத்து, எஞ்சினாலேயே வண்டியைப் பிடித்து இறக்க வேண்டும். பிரேக்கையே அமுக்கிக்கொண்டு வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். என் ஸ்கூட்டரில் குறைக்க கியரும் கிடையாது. பள்ளத்தாக்கை ரசித்தவர் யார் என்றால், பின்னால் உட்கார்ந்திருந்தவர். ஓட்டியவர் பார்த்தது தார், மணல், முன்வண்டியின் பிரேக் விளக்கு.

அப்புறம் காப்பிப் பூ வாசம். மார்ச், ஏப்ரலில் கோடை மழை ஒன்று பெய்த பிறகு செடி மொத்தமும் வெள்ளையாகப் பூத்து, சில நாளிலேயே வாடிவிடும். உண்மைதான், மல்லிகை மாதிரி மணக்கும். ஆனால் முகம் மூடிய ஹெல்மெட்டுக்குள் அது எப்படி வந்தது? வண்டியை ஓரங்கட்டி, ஹெல்மெட்டைக் கழற்றி, டீக்கடையில் நின்றபோது வந்தது. பாதை கொடுத்தது என்று நீங்கள் சொல்லும் எல்லாமே பாதையை நிறுத்தியபோது கிடைத்தவை. 1820 வாக்கில் காக்பர்ன் என்ற சேலம் கலெக்டர் அந்த மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். அன்றிலிருந்து சேர்வராயன் மலைக்குப் பெருமை காப்பி, மிளகு, ஆரஞ்சு, பலா. எல்லாம் வாய்க்குள் போகிற சமாச்சாரம் நடுவர் அவர்களே! வாசனைதான் பாதையின் பெருமை என்றால், ஆத்தூர் சாலையில் ஜவ்வரிசி ஆலைகள் பக்கமாக ஒரு ரைடு போய்விட்டு வந்து எதிரணியினர் பேசட்டும். மூக்கைப் பிடித்துக்கொள்ள ஹேண்டில்பாரில் இருந்து கையை எடுக்க முடியாது, அவ்வளவுதான்.

இரண்டாமவர் நட்பைப் பற்றிச் சொன்னதில்தான் எனக்கு உண்மையான சண்டை இருக்கிறது. கூட்டமாகப் போகிற முறை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். முன்னால் வழி தெரிந்தவர், அவர் லீட். அவருக்குப் பின்னாலேயே என்னைப் போன்ற சின்ன வண்டிக்காரர்களும் புதியவர்களும். கடைசியில் நல்ல அனுபவசாலி, அவர் ஸ்வீப். யார் பஞ்சரானாலும் அவர் நின்றாக வேண்டும். நேர்ச்சாலையில் ஒருவர் இடப்பக்கம், அடுத்தவர் வலப்பக்கம் என்று மாற்றி மாற்றி வரவேண்டும். உங்கள் கோட்டில் முன்னால் போகிற வண்டிக்கும் உங்களுக்கும் குறைந்தது இரண்டு வினாடி இடைவெளி. 60 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு வினாடி என்றால் 33 மீட்டர். முப்பத்து மூன்று மீட்டர் தள்ளி ஒரு முதுகைப் பார்த்துக்கொண்டே இரண்டு மணி நேரம் போவதற்குப் பெயர் தோழமையா? சாலையில் நாங்கள் கூட்டமாகத்தான் போகிறோம், ஆனால் ஆளுக்கொரு ஹெல்மெட்டுக்குள் தனித்தனியாகத்தான் போகிறோம்.

"இப்போது ஹெல்மெட்டுக்குள்ளேயே ப்ளூடூத் வைத்துப் பேசுகிறோமே" என்று அவர் அடுத்து சொல்லுவார். பேசுகிறீர்கள், சரி. என்ன பேசுகிறீர்கள்? "முன்னாடி லாரி." "வேகத்தடை." "பசிக்குதுடா, இன்னும் எவ்வளவு தூரம்?" இந்த மூன்றைத் தாண்டி நான்காவதாக ஒரு வாக்கியம் இருந்தால் இங்கே சொல்லச் சொல்லுங்கள்.

கூட்டம் எங்கே கூட்டமாகிறது தெரியுமா? மெஸ் வாசலில் வண்டிகளைச் சாய்த்து நிறுத்தி, ஹெல்மெட்டையெல்லாம் ஜன்னல் ஓரம் அடுக்கி, கை கழுவிவிட்டு வந்து இரண்டு மேசையை ஒன்றாக இழுத்துப் போடுகிறோமே, அங்கே. இலை விழுகிறது, தண்ணீர் தெளிக்கிறோம். பரிமாறுகிற அக்காவுக்கு யார் ஓட்டுவது எத்தனை சிசி என்று தெரியாது. "கோழிக் குழம்புங்களா, மீன் குழம்புங்களா?" என்பதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே வகைப்பாடு. ஆறரை லட்சமோ என்னவோ கொடுத்து வண்டி வாங்கிய தம்பி, ஸ்பிளெண்டர் அண்ணனிடம் "அண்ணா, அந்த ரசத்தைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுங்க" என்று கெஞ்சுகிறான். வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் படத்தைத் தவிர வேறு எதுவும் போடாத மனிதர், இரண்டாவது முறை சாதம் வாங்கிய பிறகு, கல்லூரியில் படித்தபோது அப்பாவின் ராஜ்தூத்தைத் திருட்டுத்தனமாக எடுத்துப்போன கதையைத் தொடங்குகிறார். எலும்பைக் கடித்துக்கொண்டே பன்னிரண்டு பேரும் கேட்கிறோம். நடுவில் ஒருவன் பரோட்டா கேட்கிறான். (மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பரோட்டா கேட்பவர்களைப் பற்றித் தனிப் பட்டிமன்றமே வைக்கலாம், நடுவர் மனது வைக்க வேண்டும்.) இந்தக் கதையை 33 மீட்டர் இடைவெளியில் சொல்ல முடியுமா?

"பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து" என்றார்கள் நம் பெரியவர்கள். படைக்குப் பிந்துகிற வேலையை ஸ்வீப் அண்ணன் பார்த்துக்கொள்கிறார். மற்ற எல்லோரும் முந்துவது பந்திக்குத்தான்.

இப்போது மூன்றாவது தம்பிக்கு வருகிறேன். வீட்டுக்கே சாப்பாடு வருகிறதே என்றார். வரும், தம்பி. டப்பாவில் வரும். மேட்டூர் மீன் வருமா? அணை கட்டி முடித்தது 1934-இல். அன்று தேங்கிய தண்ணீருக்குப் பெயர் ஸ்டான்லி நீர்த்தேக்கம். அணைப் பக்கத்துக் கடைகளில் கட்லாவோ ஜிலேபியோ நாமே பார்த்து எடுத்துக் கொடுத்தால், வெட்டி, கழுவி, மசாலா தடவிக் கண்ணெதிரே கல்லில் போடுவார்கள். கல்லில் இருந்து இலைக்கு வர நான்கு அடி தூரம். அந்த நான்கு அடிக்காகத்தான் ஐம்பது கிலோமீட்டர். போகிற வழியில் மேச்சேரி. அந்த ஊர்ப் பெயரில் ஆட்டினமே இருக்கிறது. வெளிர் பழுப்பு நிறம், கொம்பு இருக்காது, கறிக்கும் தோலுக்கும் பேர்போனது. பாதை அணிக்காரர்கள் அந்த ஆட்டைச் சாலையில் ஹார்ன் அடித்து விலக்குவார்கள். நாங்கள் அதை மரியாதையாக இலையில் சந்திப்போம். பள்ளிபாளையம் என்று ஓர் ஊர் இருப்பது சென்னைக்காரருக்கு எப்படித் தெரிந்தது? அங்கே இருக்கும் வளைவினாலா? சின்ன வெங்காயம், காய்ந்த மிளகாய், தேங்காய்ப் பல் போட்டு வதக்கிய சிக்கனால்.

ரைடு எப்படி உருவாகிறது என்றும் பாருங்கள். சின்ன ஊர் மெஸ்ஸில் அன்றைக்கு வைத்த குழம்பு தீர்ந்தால் தீர்ந்ததுதான், இரண்டு மணிக்கு மேல் போனால் தயிர்சாதம் மிஞ்சும். பன்னிரண்டு பேர் போவதென்றால் முந்தின நாளே சொல்லிவிட வேண்டும். "அக்கா, நாளைக்குப் பன்னெண்டு பேர் வர்றோம், நாட்டுக்கோழி எடுத்து வைங்க, ஒருத்தர் சைவம்." இந்த ஒரு போன்தான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. ஒரு மணிக்கு இலை என்றால், மேட்டூருக்குப் பத்தரைக்குள் சேலத்தில் இருந்து கிளம்ப வேண்டும், ஓமலூரில் ஒரு டீ, மேச்சேரியில் பின்தங்கியவர்களுக்காக ஒரு நிறுத்தம். வேகம் எவ்வளவு? என் ஸ்கூட்டர் எவ்வளவோ அவ்வளவு. ஏனென்றால் எல்லோரும் வந்தால்தான் இலை போடுவார்கள். முதலில் போய்ச் சேர்ந்தவனுக்கு அங்கே ஒரு பரிசும் கிடையாது, பசியோடு உட்கார்ந்திருக்கலாம், அவ்வளவுதான். பாதையே இன்பம் என்று கிளம்புகிற இளவட்டங்களுக்கு இந்தக் கடிவாளம் இல்லை. தொப்பூர்க் கணவாயில் எத்தனை விபத்து என்று சேலத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கேயும் ஓட்டிக் காட்டுவதுதான் இன்பம் என்று கிளம்புகிறவர்களைப் பார்க்கிறோமே, வயிறு எரிகிறது.

"வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஓட்டினால் கண் சொக்காதா?" என்று எதிரணித் தலைவர் குறுக்கே கேட்டார். சொக்கும். அதனால்தான் சாப்பிட்டவுடனே கிளம்பக் கூடாது. வேப்பமரத்து நிழலில் அரை மணி, முக்கால் மணி உட்கார வேண்டும். ராஜ்தூத் கதையின் மிச்சம் அங்கேதான் வரும். அதையும் பந்தியின் கணக்கிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று, மணியில் கை வைக்காதீர்கள் நடுவர் அவர்களே. புரட்டாசி மாதம். சேலத்தில் பாதி வீட்டில் கறி கிடையாது, சனிக்கிழமை பெருமாள் கோயில். அந்த மாதம் எங்கள் குழுவில் "ஞாயிற்றுக்கிழமை ரைடு போகலாமா?" என்று யாராவது கேட்டால், ஒருவருக்கு முதுகுவலி, ஒருவருக்கு மாமனார் ஊரில் வேலை, ஒருவருக்கு வண்டி சர்வீஸில். நானும் மற்ற குழுக்களில் விசாரித்துப் பார்த்தேன், அங்கேயும் இதே முதுகுவலிதான். ஏனுங்க, புரட்டாசியில் ஏற்காட்டு வளைவு 20-இல் ஒன்றாவது குறைகிறதா? காற்று நிற்கிறதா? மழை பெய்து மலை பச்சையாக இருக்கிற காலம் அது. பாதை அப்படியேதான் இருக்கிறது, இலையில் கோழி மட்டும்தான் இல்லை. ஐப்பசி முதல் ஞாயிறு பாருங்கள், முதுகுவலிக்காரர்தான் முதல் ஆளாக டேங்க் நிரப்பிக்கொண்டு நிற்பார்.

இன்னும் சந்தேகம் இருந்தால், எதிரணித் தலைவர் தன் போனை எடுத்து, அவருடைய பைக் குழுவின் வாட்ஸ்அப் பெயரை இந்த மேடையில் வாசித்துக் காட்டட்டும். இடைவேளையில் நான் எட்டிப் பார்த்துவிட்டேன். "மேட்டூர் மீன் பிரதர்ஸ்" என்று இருக்கிறது. வாய்ப்புக்கு நன்றி, வணக்கமுங்க.