மெலட்டூரில் பத்து இரவுகள்

வணக்கம் நேயர்களே.

எதைப் பற்றிப் பேசப்போகிறீர்கள் என்று நிலையத்திலிருந்து கேட்டார்கள். மெலட்டூர் பாகவத மேளா என்றேன். "அது கண்ணால் பார்க்கவேண்டிய நாட்டிய நாடகம் ஆயிற்றே ஐயா, வானொலியில் எப்படி?" என்று தயங்கினார் அந்தத் தம்பி. நான் அதைப் பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம் என்றேன். அதிலும் பாதி, பின்னால் பாயை விரித்துப் படுத்துக்கொண்டே கேட்டது.

தஞ்சாவூரில் திட்டை வழியாகத் திருக்கருகாவூர் போகும் பஸ்ஸில் ஏறினால் மெலட்டூர் வந்துவிடும். பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அச்சுதப்ப நாயக்கர் 510 குடும்பங்களைக் குடியமர்த்தி, வீடும் நிலமும் கொடுத்த ஊர் என்று சொல்வார்கள். அங்கே வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு முன்னால், நரசிம்ம ஜயந்தியை ஒட்டி, கத்திரி வெயில் காயும் நாட்களில் இரவுதோறும் நாடகம் நடக்கும். நாடகம் என்றால் முழுக்கப் பாட்டு. ஆடுவார்கள், நடிப்பார்கள், வசனமும் உண்டு. ஆனால் தூக்கி நிறுத்துவது பாட்டுத்தான்.

இதில் ஆடுகிறவர்களுக்கு இது பிழைப்பு கிடையாது. ஒருவர் வங்கியில் வேலை பார்ப்பார், ஒருவர் பள்ளியில் பாடம் நடத்துவார், ஒருவர் வெளியூரில் கணினி முன் உட்கார்ந்திருப்பார். ஆண்டு முழுவதும் சேர்த்துவைத்த விடுப்பை இதற்காகவே எடுத்துக்கொண்டு ஊருக்கு வருவார்கள். பெண் வேடத்தையும் ஆண்களே கட்டுவது மரபு. அப்பா கட்டிய வேடத்தை மகன் கட்டுவதும் உண்டு. நானும் கூட்டுறவு வங்கியில் முப்பது ஆண்டு பேரேடு எழுதியவன். காலையில் கணக்குப் பார்க்கும் ஒரு மனிதர் இரவில் பிரகலாதனின் தாய் லீலாவதியாக நிற்க முடியும் என்பதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. எனக்குப் பாட வராது, ஆடவும் வராது. அதனால் ஆறுதலோடு நின்றுகொண்டேன்.

2010-இல் முதல்முறை போனேன். 2019 வரை ஓராண்டும் தவறவில்லை. எல்லா இரவும் இருந்ததாகச் சொன்னால் பொய். உஷா பரிணயம், மார்க்கண்டேயர், ஹரிச்சந்திரன் எல்லாம் விட்டுவிட்டுப் பார்த்தவை. பிரகலாத சரித்திரம் மட்டும் பத்து ஆண்டும் பார்த்தேன். "முடிவு தெரிந்த கதைக்கு வருஷாவருஷம் எதற்கு இரவு முழுக்க விழிக்கிறீர்கள்?" என்று என் மனைவி கேட்பாள். மூன்றாவது ஆண்டு அவளையும் அழைத்துப்போனேன். நான்காவது ஆண்டு அவள்தான் முதலில் பாயைச் சுருட்டி எடுத்துவைத்தாள்.

இந்த நாடகங்களை எழுதியவர் மெலட்டூர் வேங்கடராம சாஸ்திரி. தியாகராஜ சுவாமிகள் வாழ்ந்த காலத்தவர். பாட்டெல்லாம் தெலுங்கு. எனக்குத் தெலுங்கில் வணக்கம் சொல்லக்கூட வராது. கூட்டத்தில் பெரும்பாலோர் என்னைப் போலத்தான். ஆனால் பிரகலாதன் கதையை நமக்கு யார் மொழிபெயர்க்க வேண்டும்?

மேடை எந்தத் திசை, உற்சவமூர்த்தியை எங்கே எழுந்தருளச் செய்கிறார்கள் என்பதெல்லாம் வரைந்து காட்டினால்தான் விளங்கும். அதை விட்டுவிடுகிறேன். பெருமாள் எதிரே இருந்து பார்க்கிறார், நாம் இடையில் உட்கார்ந்திருக்கிறோம் என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கோணங்கி வருவான். குதித்தாடிக் கூட்டத்தை அமர்த்திவிட்டுப் போவான். பிறகு யானைமுகம் கட்டிய ஒரு சிறுவன், பிள்ளையாராக வந்து ஆசி வழங்குவான். அதற்குப் பிறகுதான் நான் சொல்ல வந்த விஷயம்.

இரண்டு பேர் ஒரு துணியை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். அதுதான் திரை. இழுக்கும் கயிறு இல்லை, விசை இல்லை, இரண்டு கைகள்தான். துணிக்குப் பின்னால் பாத்திரம் நிற்கிறது. ஓரத்தில் பாகவதர்கள் பாடத் தொடங்குவார்கள்: இன்னார் வருகிறார், இப்படிப்பட்டவர், இப்படி நடந்து வருகிறார் என்று. இந்தப் பாட்டுக்குப் பிரவேச தரு என்று பெயர். மிருதங்கமும் தாளமும் சேர்ந்துகொள்ளும். திரைக்குக் கீழே சலங்கை கட்டிய பாதம் மட்டும் தெரியும். ஆளைக் காட்டமாட்டார்கள். பாட்டு அந்த ஆளை முழுக்கக் கட்டி முடித்த பிறகுதான் திரை விலகும்.

நேயர்களே, நீங்கள் இப்போது என்னைக் கேட்டுக்கொண்டிருப்பதும் அப்படித்தானே? குரல் வருகிறது, ஆள் வரவில்லை. என் விஷயத்தில் திரை விலகாமல் இருப்பதே உங்களுக்கு நல்லது.

2013 என்று நினைக்கிறேன். அந்தக் காலத்து மின்வெட்டை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நள்ளிரவு தாண்டிவிட்டது. லீலாவதி பிரவேசம். திரை பிடித்தாயிற்று, பாட்டு எடுத்தாயிற்று, பல்லவி இரண்டாம் முறை திரும்பும்போது மின்சாரம் போய்விட்டது. விளக்கு, ஒலிபெருக்கி, மின்விசிறி எல்லாம் ஒரே நொடியில். ஜெனரேட்டர் இருந்தது. அதைக் கிளப்பத் தெரிந்தவர் தேநீர் குடிக்கப் போயிருந்தார்.

பாட்டு நிற்கவில்லை. அதைத்தான் சொல்ல வேண்டும், பாட்டு நிற்கவில்லை. ஒலிபெருக்கி இருந்தவரை எங்கோ கம்பத்தின் உச்சியிலிருந்து வந்துகொண்டிருந்த குரல், இப்போது வாயிலிருந்து வந்தது. பாகவதர்களில் ஒரு பெரியவருக்குக் குரல் கொஞ்சம் கரகரப்பு. அது அதுவரை எனக்குத் தெரியாது. பின்னால் படுத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். தள்ளி உட்கார்ந்திருந்தவர்கள் தவழ்ந்தாற்போல முன்னால் நகர்ந்தார்கள். ஒருவரும் யாரையும் அதட்டவில்லை. யாரோ ஒருவர் கைப்பேசி விளக்கை ஏற்றித் திரைக்குப் பின்பக்கம் பிடித்தார். துணியில் லீலாவதியின் நிழல் விழுந்தது. முகமில்லை, கொண்டையும் இடுப்பும் மட்டும். நிழல் ஆடுகிறது, பாட்டு சுற்றிச் சுற்றி வருகிறது. திரை பிடித்திருந்தவர்களில் ஒரு பையன் கை மாற்றிக்கொண்டே இருந்தான், பாவம். விளக்கு வராமல் திரையை விலக்கி என்ன பயன் என்று பாகவதர்கள் பல்லவியை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். கால்மணி நேரம் இருக்கும். என் மனைவி ஐந்து நிமிடம்தான் என்கிறாள். நான் கால்மணி என்றே வைத்துக்கொள்கிறேன்.

பிறகு மின்சாரம் வந்தது. ஒலிபெருக்கி ஒரு கிறீச்சலோடு உயிர்பெற்றது. கூட்டம் மகிழ்ந்திருக்க வேண்டும். பக்கத்தில் இருந்த வயலூர்க்கார விவசாயி ஒருவர், "இது எதற்கு இப்போது வந்தது?" என்று அலுத்துக்கொண்டார். எனக்குச் சொல்லத் தோன்றியதை அவர் சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு நான் மேடைக்கு அருகில்தான் உட்காருகிறேன். எந்தக் கச்சேரிக்குப் போனாலும் ஒலிபெருக்கி இல்லாமல் இவர் எப்படிப் பாடுவார் என்று மனம் ஓடுகிறது. இது ஒரு நோய் என்று என் மகன் சொல்கிறான். இருக்கட்டும்.

அடுத்து ஆகிரி ராகம். காலையில் ஆகிரி பாடினால் அன்றைக்குச் சோறு கிடைக்காது என்று நம் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. அதனாலேயே பலர் அதைத் தொடுவதில்லை. மெலட்டூரில் அதைக் கேட்கலாம், கண்டா ராகமும் கேட்கலாம். சம்பளத்துக்குப் பாடாதவர்களுக்குச் சோற்றுப் பயம் ஏது என்று வேடிக்கையாக நினைத்துக்கொள்வேன். மகனுக்காகத் தாய் மன்றாடுகிற இடத்தில் அந்தப் பாட்டு வரும்போது, தெலுங்கு தெரியாத கிழவிகள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள்.

விடியும் நேரத்தில் நரசிம்மர். அந்த முகமூடியைக் கோயிலில் வைத்துப் பூசை செய்து வருகிறார்கள். அதைக் கட்டிக்கொள்கிறவர் விரதம் இருப்பார். கட்டியபின் அவருக்கு ஆவேசம் வந்துவிடும். நாலைந்து பேர் இறுகப் பிடித்துக்கொள்வார்கள், இல்லாவிட்டால் இரணியன் வேடக்காரரின் பாடு திண்டாட்டம். அலுவலகத்தில் அடுத்தடுத்த மேசையில் இருப்பவர்களைப் போன்ற இரண்டு மனிதர்கள்தான் இவர்கள் என்று நினைத்துப் பார்ப்பேன், அப்போதும் உடம்பு சிலிர்க்கும். இங்கும் பாகவதர்களைத்தான் கவனியுங்கள் என்பேன். இரவு பத்து மணிக்குத் தொடங்கிய தொண்டை, கிழக்கு வெளுக்கும்போது அந்த ஆவேசத்துக்கு ஈடுகொடுக்கிறது.

கண்ணாடிக்கு அப்பால் தம்பி இரண்டு விரலைக் காட்டுகிறார். இரண்டு நிமிடம் போலிருக்கிறது. சாலியமங்கலம், ஊத்துக்காடு, சூலமங்கலம், நல்லூர், தேப்பெருமாநல்லூர் ஆகிய ஊர்களின் பாகவத மேளாவைப் பற்றியும் குறிப்பு எடுத்து வந்திருந்தேன். நான்கு பக்கம். சில ஊர்களில் அது நின்றுபோனதற்கான காரணங்களும் அதில் இருந்தன. மெலட்டூரிலும் நலிந்துபோய்த்தான் 1930-களின் இறுதியில் மீண்டும் எழுந்தது. பரதநாட்டியத்துக்காகப் போராடிய ஈ. கிருஷ்ணய்யர் இதையும் வெளியுலகுக்கு எடுத்துச் சொன்னவர். அவருக்கு ஒரு வாக்கியம்தான் கிடைத்தது, மன்னிக்க வேண்டும்.

2020-இல் ஊரடங்கால் போக முடியவில்லை. அன்று இரவு பாயை மொட்டைமாடியில் விரித்துக்கொண்டு படுத்தேன், தூக்கம் வரவில்லை.

இப்போது ஒரு விரல் காட்டுகிறார். போக விரும்புகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று. பாயும் தண்ணீரும் எடுத்துப்போங்கள். கடைசிப் பஸ்ஸைப் பற்றிக் கவலை வேண்டாம். நரசிம்மரைப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது காலையின் முதல் பஸ் வந்துவிடும். வணக்கம்.