ஜீப்பில் ஓர் இடம்

வணக்கம் நேயர்களே. கம்பத்தில் முப்பது வருஷம் மருந்துக்கடை நடத்தியவன் நான். வலி மாத்திரைக்கு அடிமையான பிள்ளைகளை மீட்க எங்கள் தெருவில் நடக்கிற முயற்சியைப் பற்றிப் பேசச் சொன்னார்கள்.

அபின் என்றால் எங்கோ வடக்கே இருக்கிற சமாச்சாரம் என்று நினைப்போம். ஆனால் டிரமடால், டேபென்டடால் போன்ற வலி மாத்திரைகளும் உடம்புக்குள் போனால் அபின் மாதிரியேதான் வேலை செய்கின்றன. ஆபரேஷன் ஆனவருக்கும் புற்றுநோய்க்காரருக்கும் இந்த வகை மருந்து வேண்டும், அதை மறுக்கவில்லை. 2019இல் எய்ம்ஸ் மருத்துவர்கள் வெளியிட்ட நாடு தழுவிய கணக்குப்படி, 10 முதல் 75 வயது வரை உள்ளவர்களில் நூற்றுக்கு இரண்டு பேர் அபின் வகைப் பொருளை எடுக்கிறார்கள். அதில் வலி மாத்திரை போன்ற மருந்துகளைப் போதைக்காக எடுப்பவர்கள் மட்டும் நூற்றுக்கு ஒருவர்.

நம் பக்கம் இது வீட்டுக்குள் நுழைகிற வழி உங்களுக்கே தெரியும். விடிவதற்குள் ஜீப் ஏறி, மலைக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்தில் நாள் முழுக்கக் குனிந்து காய் எடுக்கிற இடுப்பு அது. ராத்திரி வந்து "அண்ணே, வலிக்கு ஒரு அட்டை" என்பார்கள். பாவமே என்று டாக்டர் சீட்டு கேட்காமல் நானும் கொடுத்திருக்கிறேன். அம்மாவுக்கு வாங்கிய அட்டை அலமாரியில் கிடக்கும், பையன் எடுப்பான். பிறகு அவனே வாங்க வருவான், கூடவே ஊசியும் கேட்பான்.

ஒரு ஐப்பசி ராத்திரி, அடைமழை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன். ஒரு பையன் குனிந்து உள்ளே வந்தான். இருபத்திரண்டு வயதிருக்கும். மூக்கு ஒழுகுகிறது, கண்ணில் தண்ணீர், கொட்டாவிமேல் கொட்டாவி. நீட்டின கையில் முடியெல்லாம் சிலிர்த்து நிற்கிறது. பார்த்தால் சளி என்றுதான் சொல்வீர்கள். அவன் கேட்டது சளி மாத்திரை இல்லை.

பின்னாலேயே அவன் அம்மா நனைந்துகொண்டு வந்தார். "நாலு நாள் பூட்டி வெச்சா சரியாப் போகும்னாங்கண்ணே. ஓட்டைப் பிரிச்சுட்டு வந்துட்டான்" என்றார்.

பூட்டி வைப்பது வைத்தியம் இல்லை. பழகின உடம்பில் மாத்திரை நின்றால் இரண்டாம் நாள், மூன்றாம் நாள் எலும்பை முறிக்கிற மாதிரி வலிக்கும். வாந்தி, பேதி, தூக்கம் கிடையாது. டாக்டர் கையில் இதைத் தணிக்க மருந்து இருக்கிறது. இது திமிர் இல்லை, நோய். திரும்பவும் சொல்கிறேன், நோய்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற நர்ஸ் அக்கா ஒருவர் இருக்கிறார். மறுநாளே அவனைத் தேனிக்கு அழைத்துப் போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார். மூன்று வாரம் கழித்து வந்தான்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது அவன் திரும்பி வந்த பிறகு நடந்ததைத்தான். விடிகாலை ஐந்து மணிக்கு முக்கில் நிற்கிறான், கையில் தூக்குவாளி. ஜீப்பில் இருந்தவர்கள் யாரும் நகர்ந்து உட்காரவில்லை. "மாத்திரைக்காரன்" என்று ஒரு குரல். இரண்டாவது நாளும் அப்படியே. வேலை இல்லை, பேச ஆள் இல்லை என்றால் அவன் எங்கே போவான்? பழைய கூட்டாளியிடம்தான்.

மூன்றாவது நாள் டிரைவர் தம்பி இறங்கி வந்தார். "என் பக்கத்துல உக்காருடா" என்றார். முன்னால் ஏற்கெனவே இரண்டு பேர். கியர் கம்பி முழங்காலில் இடிக்க, மலைமேல் கேரள எல்லையில் இருக்கிற குமுளி வரைக்கும் அப்படியே போனான். அடுத்த வாரம் பின்னால் இருந்த ஓர் அக்காவே கூப்பிட்டு இடம் கொடுத்தார்.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் அந்த ஜீப்பில் ஆரம்பித்ததுதான். சாயங்காலம் சாவடியில் உட்காருவோம். டிரைவர், தோட்டத்து அக்காமார், நர்ஸ் அக்கா, நான், அப்புறம் மீண்டு வந்த பிள்ளைகள். அந்தப் பையன் நடுவில் ஒரு தடவை மறுபடி போட்டுவிட்டான். மறுபடியும் கூட்டிப் போனோம். டாக்டர் நாக்குக்கு அடியில் வைக்கிற புப்ரெனார்ஃபின் கொடுத்தார். "ஒரு மாத்திரைக்கு இன்னொரு மாத்திரையா?" என்று தெருவில் கேட்டார்கள். சர்க்கரைக்காரர் தினம் மாத்திரை போடுவதில்லையா? அளவோடு, டாக்டர் கண்காணிப்பில் எடுக்கிற மருந்து அது. அவனால் வேலைக்குப் போக முடிகிறது.

கடைக்காரர்களிடமும் பேசினோம். சீட்டு இல்லாமல் அட்டை கிடையாது என்று ஒத்துக்கொண்டார்கள். டிரமடாலை 2018லேயே போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். இங்கே இறுக்கினால் பிள்ளைகள் மலையேறிப் போய் வாங்குவார்கள் என்று குமுளிக்கும் போனோம். போதைக்கு எதிராகக் கேரள அரசு 2016இல் தொடங்கிய விமுக்தி இயக்கத்தால் அங்கே இந்தப் பேச்சு புதிதில்லை. தமிழும் மலையாளமும் கலந்து பேசினோம், கேட்டுக்கொண்டார்கள். இதை இன்னும் விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். நேரம் ஆகிவிட்டதென்று கை காட்டுகிறார்கள்.

மூன்றே விஷயம், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கொஞ்ச நாள் நிறுத்தியவர் பழைய அளவைப் போட்டால் மூச்சு நின்றுபோகலாம். குறட்டை மாதிரி சத்தம் வந்து, உதடு நீலமாகி, எழுப்பியும் எழவில்லையென்றால் ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐக் கூப்பிடுங்கள். நலாக்ஸோன் என்ற ஊசி உயிரைக் காப்பாற்றும். அடுத்து, போலீஸுக்குப் பயந்து மறைக்காதீர்கள். அடிமையானவர் தானே முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்குப் பெற அதே போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ பிரிவு இருக்கிறது. கடைசியாக, ஆலோசனைக்கு இலவச எண் 14446. இன்னொரு தடவை சொல்கிறேன், 14446. வணக்கம்.