ஆங்கிலம் வாய்க்கு வருவது வகுப்பறைக்கு வெளியேதான்

நடுவர் அவர்களே, எதிரணிப் பேச்சாளர்களே, சபையோரே, அனைவருக்கும் வணக்கம். வன்னிப் பிள்ளையின் ஆங்கிலம் வளர்வது வகுப்பறையிலா, வீட்டிலும் ஊரிலுமா என்பது இன்றைய வழக்கு. எதிரணித் தலைவர், ஆங்கிலம் தெரியாத பெற்றோரின் வீட்டில் பிள்ளை யாரிடம் கற்கும், பிழை விட்டால் யார் திருத்துவார் என்று கேட்டுவிட்டு அமர்ந்திருக்கிறார். நியாயமான கேள்வி. என் நேரம் முழுவதையும் அதற்கே தருகிறேன்.

ஒரு பாடவேளை 40 நிமிடம். வகுப்பில் 40 பிள்ளைகள் இருந்தால், ஆசிரியர் வாயே திறக்காவிட்டாலும் ஒரு பிள்ளைக்குப் பேசக் கிடைப்பது ஒரு நிமிடம். இது ஆசிரியரின் குறையன்று, வெறும் கணக்கு. அதற்கு மேல், தமிழில் வினை வசனத்தின் கடைசியில் வந்து நிற்கிறது. ஆங்கிலத்திலோ எழுவாயை ஒட்டியே வந்துவிடுகிறது. "நான் நேற்றுக் குளத்தடிக்குப் போனேன்" என்று மனம் கட்டிவைத்த வசனத்தை அவிழ்த்து, வேறு ஒழுங்கில் கட்டும் பழக்கம் இலக்கண விதியைப் பாடமாக்குவதால் வராது. நூறு தரம் கேட்டு, நூறு தரம் சொல்லிப் பார்த்தால்தான் வரும். அந்த நூறு தரத்துக்குப் பாடசாலையில் இடமில்லை.

ஆங்கிலம் அறியாத தாய் என்ன செய்யலாம்? பிள்ளை தனக்குப் பிடித்த ஒன்றை, அது கிரிக்கெட் செய்தியாக இருந்தாலும் சரி, ஆங்கிலத்தில் வாசித்து முடித்ததும், "வாசிச்சதை எனக்குத் தமிழில சொல்லு பிள்ளை" என்று கேட்கலாம். விளங்காமல் வாசித்த பிள்ளையால் அதைச் சொல்ல முடியாது. தாய்க்கு ஆங்கிலம் தெரியாததே இங்கே பலமாகிறது. ஆங்கிலச் சொல்லை அப்படியே சொல்லிவிட்டுத் தப்ப வழியில்லை.

கேட்பதற்கும் வழியுண்டு. ஏறக்குறைய 1500 சொற்களுக்குள், மெதுவான வேகத்தில் செய்தி வாசிக்கும் ஒலிபரப்பை அமெரிக்காவின் குரல் வானொலி 1959இலேயே கற்போருக்காகத் தொடங்கியது. அத்தகைய ஒலிப்பதிவுகளை இன்று கைத்தொலைபேசியிலேயே கேட்கலாம். ஏழு பதிவுகளை ஒவ்வொரு தரம் கேட்பதிலும், ஒரே பதிவை ஒரு கிழமை முழுவதும் கேட்டு, கூடவே உரத்துச் சொல்லிப் பார்ப்பதே மேல் என்பது என் துணிபு.

பேசுவதற்கு ஆள் வேண்டுமே என்பீர்கள். வெளிநாட்டில் மச்சான், மச்சாள் இல்லாத வீடு வன்னியில் எத்தனை? கிளிநொச்சியில் மாலை ஆறரை மணியாகும்போது, கோடைகால ரொறன்ரோவில் காலை ஒன்பது. ஞாயிற்றுக்கிழமைகளில் அரை மணி நேரம் ஆங்கிலத்தில் அங்குள்ள பிள்ளை உதவட்டும். அடுத்த அரை மணி நேரம் தமிழில் நம் பிள்ளை உதவட்டும். அம்மம்மாவுடன் பேசத் தமிழ் தேடுகிற அந்தப் பிள்ளைக்கும் இது பெரும் பேறு. இருவருமே தடுமாறுவதால் ஒருவர் முன் ஒருவர் கூச வேண்டியதில்லை. பதினான்கு வயதில் பிள்ளையின் வாயைக் கட்டுவது அறியாமையை விடக் கூச்சம்தான். விருந்தினர் முன் "எங்கே, இங்கிலீஷில பேசிக் காட்டு" என்று கேட்கும் பெற்றோரைக் கைகூப்பித் தடுக்கிறேன்.

ஊரும் கற்பிக்கும். வன்னி மன்னன் பண்டாரவன்னியனை ஆங்கிலேயப் படையின் கப்டன் வொன் டிறிபேர்க் 1803 ஒக்டோபர் 31 அன்று தோற்கடித்ததாகக் கற்சிலைமடுவில் நாட்டிய கல்லில் ஆங்கிலத்திலேயே பொறித்தார்கள். நம் மண்ணில் யார் யாரை வென்றதாக எழுதினார்கள் என்பதை, அவர்களுடைய மொழியிலேயே வாசித்து, அதற்கு அதே மொழியில் மறுமொழி எழுத ஒரு பிள்ளைக்கு ஆசை வந்தால், அந்த ஆசைக்குப் பாடவேளை மணி கிடையாது.

இனி, பிழையை யார் திருத்துவார் என்ற கேள்வி. ஆசிரியர்தான் திருத்துவார், அவரை நாங்கள் வழக்கிலிருந்து விலக்கவில்லை. வீட்டில் பேசியபோது தடக்கிய இடங்களைப் பிள்ளை ஒரு கொப்பியில் குறித்துக் கொண்டுபோகட்டும். வெளியே ஒரு வசனமும் பேசாத பிள்ளை, திருத்துவதற்கென்று எதை அவரிடம் கொண்டுபோகும்? எதிரணியினர் இதற்கு விடை சொல்ல வேண்டும்.